பிடி அரிசியில் கிடந்த கல்

சபைச் செயலரின் கடைவாய்ப் பல் உடைவதற்கு இரண்டு வாரம் முன்பே என் வாயில் ஒரு கல் அகப்பட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, சாப்பிட்டு முடித்ததும் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். சோற்றில் கிடந்த கல்லை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் உலகத்தில் உண்டா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உண்டு, இதோ இருக்கிறேன். எதையும் சும்மா விட்டுவிட்டுப் போக எனக்கு வராது. பக்கத்து வீட்டுக் குக்கர் வழக்கமான நாலு விசிலுக்கு மேல் ஐந்தாவது விசில் அடித்தால், உள்ளே என்ன வேகிறது என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடாது.

எங்களுக்குத் தேனி கடைத்தெருவில் அரிசிக் கடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பது வருஷமாக அரிசியோடுதான் என் பிழைப்பு. ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் கொட்டினால் அது என்ன ரகம், புதுசா பழசா, அனுமந்தன்பட்டிப் பக்கம் விளைந்ததா வெளியூர் லாரியில் வந்ததா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்டவள் சாப்பிடுகிற சோற்றில் கல் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் இருக்க முடியுமா?

கல் வந்தது சபைச் சாப்பாட்டில். எங்கள் கிறிஸ்தவச் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் சோறு ஆக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை ஆலயத்துக்குக் கொண்டுவந்து, வாசல் தாழ்வாரத்தில் இருக்கும் பெரிய எவர்சில்வர் டிரம்மில் கொட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். முன்பெல்லாம் சேர்ந்த அரிசியை ஏலம் விட்டு அந்தப் பணத்தை ஊழியத்துக்கு வைத்துக்கொண்டார்கள். போகப் போக ஏலம் எடுக்க ஆள் இல்லை. பத்து ரக அரிசி கலந்து கிடப்பதை எந்த வீட்டில் வாங்கி ஆக்குவார்கள்? கடைசியில் ஒருவர் கோழித் தீவனத்துக்குக் கேட்டார். ஆண்டவருக்கென்று எடுத்து வைத்ததைக் கோழிக்குப் போடுவதா என்று பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரும் கொதித்துப்போனோம்.

அந்தக் கொதிப்பில் வந்ததுதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பழைய பேருந்து நிலையம், ரயில்வே கேட், கடைத்தெருவில் மூடிக் கிடக்கும் குடோன்களின் வாசல் என்று வீடில்லாமல் சாலையோரத்திலேயே படுத்து எழும்புகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது என்று முடிவானது. ஒரு ஞாயிறு சேரும் அரிசியைச் சாக்கில் கட்டி வைத்து அடுத்த ஞாயிறு சமைப்போம். சபையாரில் விருப்பமுள்ளவர்களும் அதே பந்தியில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். முதல் வாரம் நிறையப் பேருக்கு விருப்பம் இருந்தது. அப்புறம் வீட்டில் விருந்தாளி, வயிறு சரியில்லை, கறிக் குழம்பு ஆறிவிடும் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நானும் செயலரும் வேறு சிலரும் மட்டும் விடாமல் இருந்தோம். செயலர் கடமைக்காக இருந்தார். நான் வேடிக்கை பார்க்க இருந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

முதல் ஞாயிறு வெள்ளைச் சோறாக வடித்தோம். பொன்னி குழைந்து போனது, இட்லி அரிசி உப்பிக்கொண்டு நின்றது, கோட்டயத்து மருமகள் இருக்கிற வீட்டிலிருந்து வந்த சிவப்பு மட்டை அரிசி வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அரிசிக் கடைக்காரியான நானே இதை முன்கூட்டி யோசிக்கவில்லை. பல் இல்லாத பெரியவர் ஒருவர் சிவப்புப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து சாம்பார் சாதம் என்று மாற்றிக்கொண்டோம். பருப்போடும் காய்கறியோடும் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைய விட்டால் எந்த ரகம் என்று யாருக்குத் தெரியப் போகிறது? எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஆனால் சாம்பார் சாதத்தில் ஒரு வம்பு உண்டு. வெள்ளைச் சோற்றில் கல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும். இதில் பல்லுக்குத்தான் தெரியும்.

பந்தியில் ஒரு அம்மாவை எனக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ஆண்கள் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டு எல்லாப் பொத்தானையும் பூட்டியிருப்பார், கையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வேண்டுமா என்று கேட்டால்கூட வேண்டாம் என்று கையை ஆட்டுவார்கள். இந்த அம்மா அப்படியில்லை. நான் வாளியோடு தள்ளிப் போய்விட்டால், ஏத்தா இங்கன வா, இன்னொரு கரண்டி வையி என்று அதட்டுவார். உருளைக்கிழங்கு வரவில்லை என்பார், அடியில் விட்டுக் கிளறி எடு என்பார். ஓசிச் சோற்றுக்கு இவ்வளவு அதட்டலா என்று நான் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் வைப்பேன். மனதுக்குள் முணுமுணுத்தது முகத்தில் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆனால் எனக்கு அவர் மேல் தீராத ஆர்வமும் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன், கடமலைக்குண்டு என்றார். அடுத்த வாரம் கேட்டபோது அணைக்கட்டுப் பக்கம் என்றார். அதற்கடுத்த வாரம், மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் என்றார். பிள்ளைகள் உண்டா என்றதற்கு, ஒனக்கு எத்தனை என்று திருப்பிக் கேட்டார். என்னிடமிருந்து அவர் கறந்த விவரம் நான் அவரிடமிருந்து கறந்ததைவிட அதிகம். இதையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்குச் சரியான ஜோடி அகப்பட்டிருக்கு என்று சிரித்தார்.

இனி கல்லுக்கு வருகிறேன். என் வாயில் அகப்பட்டதற்கு அடுத்த வாரம் இரண்டு பேருக்கு அகப்பட்டது. அதற்கு அடுத்த ஞாயிறு செயலர் ஒரு கவளத்தை மென்றபோது எழுந்த சத்தம் எனக்கே கேட்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் அவர். பாதிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீட்டிலிருந்து இந்த அரிசி வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்றார். வகுப்பில் யார் சத்தம் போட்டது என்று கேட்கிற அதே குரல். அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டேன் என்பதைவிட, ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன் என்பதே சரி.

அடுப்பில் ஏற்றாமல் மிச்சமிருந்த அரிசியைத் தாளில் கொட்டி உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் காலத்தில் அரிசியில் கல்லே வராது. மில்லில் மெஷின் வைத்துக் கல்லையும் கறுப்பையும் ஒதுக்கிவிடுகிறார்கள். என் கடைக்கு வருகிற இளம் பெண்களுக்குக் கல் பார்ப்பது என்றால் என்னவென்றே தெரியாது. பழைய காலத்துக் கல் எனக்குத் தெரியும். அது களத்து மண்ணோடு வருவது, வெளுப்பாக, உருண்டையாக இருக்கும். இது வேறு. கறுத்து, முனை கூராக, ஒன்றிரண்டில் தார் ஒட்டியிருந்தது. தார் ரோட்டுக் கல் எப்படி அரிசிக்குள் வரும்? கூடவே விரல் நீளத்துக்குப் பச்சை நூல் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வருகிற வாடிக்கையாளருக்கு அரிசி காட்டுகிற சாக்கில் தினமும் அதைப் பிரித்துப் பார்ப்பேன்.

பிடிபடவில்லை. பிடிபடாதபோது மனசு சும்மா இருக்காமல் யார் மேலாவது போய் உட்கார்ந்துகொள்ளும். என் மனசு போய் உட்கார்ந்தது எங்கள் சபையில் ரேஷன் அரிசி கொண்டுவருகிற ஒரு தங்கச்சியின் மேல். போடியில் ஏலக்காய்க் கடைக்குத் தரம் பிரிக்கப் போகிறவள் அவள். காலை பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்பி வருபவளுக்குக் கல் பார்க்க எங்கே நேரம் என்று நானாகவே முடிவு கட்டினேன். ஒரு ஞாயிறு அவள் டப்பாவைக் கவிழ்க்கும்போது பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து கொட்டிவிட்டுப் போய்விடுவாள்.

ஆளைக் கண்டுபிடிக்க முடியாததால் பொதுவில் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தோம். ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்கும்போது பெண்கள் ஐக்கியத்தின் அறிவிப்பை நான் மைக்கில் வாசிப்பது வழக்கம். பிடி அரிசி கொடுக்கிறவர்கள் கல் பார்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று மட்டும்தான் தாளில் எழுதியிருந்தது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருந்தது, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவருக்குக் கொடுப்பதில் கல்லைக் கலந்து கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருப்பது மேல் என்று சொந்தமாக ஒரு வரியைச் சேர்த்தேன். செயலர் கன்னத்தைப் பிடித்தபடி தலையாட்டினார். எனக்கு நன்றாகப் பேசிவிட்ட திருப்தி.

தாழ்வாரத்தில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கடைசிப் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே வந்து வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்கள், அரிசி டிரம்முக்கு ஓரடி தள்ளி. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்? இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஏற்கெனவே டிரம்மில் விழுந்திருந்த அரிசியில் அடுத்த வாரம் ஒரு கல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கல்கூட இல்லை. அறிவிப்பு வேலை செய்துவிட்டது என்று செயலர் எனக்குக் கைகொடுத்தார். யார் திருந்தினார்கள் என்று தெரியாததுதான் எனக்குக் குறை. பந்தியும் அமைதியாக இருந்தது. நான் வாளியை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் யாரும் அதட்டவில்லை. மூன்றாவது ஞாயிறு, அந்த அமைதி என்னவோ போல இருக்கிறதே என்று நின்று பார்த்தபோதுதான், சட்டை போட்ட அந்த அம்மா வரவில்லை என்பது மண்டையில் உறைத்தது. ரயில்வே கேட்டிலிருந்து வருகிற பெரியவரிடம் கேட்டேன். மூணு வாரமா வரமாட்டேங்குறாக, கூப்பிட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாக என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு எங்கே சாப்பிடுகிறார் என்றதற்கு, எங்கன சாப்பிடுறாக என்று கையை விரித்தார்.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். அதனால் காலை ஆறு மணிக்குக் கடை திறக்க நான் போனேன். முந்தின நாள் சாயங்காலம் லாரி வந்து சரக்கு இறங்கியிருந்தது. இறக்கும்போது ஒன்றிரண்டு மூட்டை பிய்ந்து வாசலில் சிந்துவது எப்போதும் நடப்பதுதான். நான் ஒன்பது மணிக்கு வந்து கல்லாவில் உட்கார்கிறவள். சிந்தின அரிசி அதற்குள் எங்கே போகிறது என்று, எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிற நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை.

கடை வாசலில் அந்த அம்மா குந்தியிருந்தார். கையில் அரை முழத் துடைப்பக்கட்டை. ரோட்டில் சிந்திக் கிடந்ததைக் கூட்டி ஒரு காலண்டர் அட்டையில் அள்ளி, ஊதி, அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் புடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அரிசியைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய் விரலால் துழாவினார். அகப்பட்ட கல்லை எறிந்தார். அகப்படாதவை மஞ்சப்பைக்குள் விழுந்தன. அவரைச் சுற்றிலும் மூட்டை வாய் தைத்திருந்த பச்சை நூல் துண்டு துண்டாகக் கிடந்தது. மாதக்கணக்கில் என் காலில் மிதிபட்ட நூல்தான். சபையே தேடிய கல் என் கடை வாசலிலிருந்து போயிருக்கிறது.

வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கேள்வி.

"அடுப்பே இல்லாத ஆளுக்கு அரிசி எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"கோழிக்கு."

"ஒங்களுக்கு ஏது கோழி?"

"ஊர்ல இல்லாத கோழியா?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மூன்று வாரத்து அரிசி போகிற இடம் இல்லாமல் அதில் கிடந்தது. இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மிகவும் இரக்கமாக, நீங்கள் அரிசியெல்லாம் போட வேண்டாம் அக்கா, சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவர் பாட்டுக்குப் புடைத்துக்கொண்டிருந்தார். நான் வருவீகளா, வருவீகளா என்று நாலு தரம் கேட்டதும், தொல்லை விட்டால் போதும் என்பதுபோலத் தலையை அசைத்தார். பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெறும் கையோடு வந்தார். பந்தியின் கடைசியில், சுவரோரமாக உட்கார்ந்தார். நான் வாளியோடு போய், உருளைக்கிழங்காகப் பார்த்து அடியில் விட்டுக் கிளறி எடுத்து வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி வைக்கப் போனேன். தட்டுக்கு மேல் கையை வைத்து மறைத்தார். மற்றவர்கள் முடிப்பதற்குள் எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார். மூன்று கரண்டி வாங்கித் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவர் ஒரே கரண்டியோடு எழுந்து போகிறார். அவ்வளவு நாள் எனக்கு எரிச்சலாக இருந்த அந்த அதட்டல் இல்லாமல் மண்டபமே காலியாக இருந்தது போலத் தோன்றியது. ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே கடைக்குக் கிளம்பினேன். கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த வீட்டுக்காரர், சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்று பார்க்க வாசலுக்கு வந்தார். அந்த அம்மா அதே இடத்தில் குந்தியிருந்தார். இந்தத் தடவை நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"நேத்து ஏன்க்கா ஒரு கரண்டியோட எந்திரிச்சுட்டீக?"

"போதும்னுட்டுத்தேன்."

"முன்னால மூணு வாங்குவீகளே."

அட்டையைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப என் அரிசியும் உள்ள கெடந்துச்சுத்தா. அதட்டிக் கேட்டேன். ஓசிச் சோத்துக்கு எந்த வாய வச்சு இன்னொரு கரண்டி கேக்குறது?"

ஓசிச் சோறு என்று நான் மனதுக்குள் முணுமுணுத்ததும் அவர் சொன்னதும் ஒரே வார்த்தை. நான் அப்படி நினைத்த அத்தனை வாரமும் அவர் தன் சோற்றைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். வாசல் டிரம்மில் யார் என்ன போடுகிறார்கள் என்று ஆராதனை நேரத்தில் பார்க்க ஆளில்லை. எல்லோரும் உள்ளே பாடிக்கொண்டிருக்கும்போது வந்து, ஒரு வாரம் கூட்டிச் சேர்த்ததைக் கவிழ்த்துவிட்டு, படியில் போய் உட்கார்ந்துகொள்வாராம். சபையில் பேர் எழுதின குடும்பங்களில் பாதிப் பேர் பிடி அரிசியை மறந்து நாளாகிவிட்டது. இந்த அம்மா ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

"கண்ணு மங்கல். கல்லுன்னு தெரிஞ்சா போடுவேனா?" என்றார். பிறகு, "அன்னைக்கு மைக்குல பேசுனது நீதான?"

"ஆமாக்கா. நாந்தேன்."

"வாசல் வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டார்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அப்படியே கடைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அழுதுகொண்டே யோசித்தேன். நேரில் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகும்? ஒரு கூட்டத்துக்கு முன்னால் சத்தமாகச் சொன்னதைத் தனியாக, மெதுவாகத் திரும்ப வாங்க முடியாது. எங்கே சொன்னேனோ அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும். அதே மைக், அதே வாசல் பெட்டி.

போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். ஆனால் கலங்கின கண் அப்படியே மேஜை மேலிருந்த பேனாவின் பக்கம் போனதை நான் பார்த்துவிட்டேன். எந்த வேதபகுதியை எடுக்கப் போகிறார் என்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயா, இதைப் பிரசங்கத்தில் சொன்னால் அந்த அக்கா இந்தப் பக்கமே வரமாட்டாக, எனக்கும் இங்கே வேலை இல்லை, நானும் வரமாட்டேன் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒன்றுக்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை தனி மரியாதை.

செயலர் லேசில் மசியவில்லை. கல் இருந்தாலும் பரவாயில்லை என்று சபையில் அறிவிப்பதா, இது என்ன நியாயம் என்று குதித்தார். ஆளைச் சொல் என்றார், நான் சொல்லவில்லை. முழு விவரமும் என் வயிற்றுக்குள் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில், அந்தக் கல் என் கடை வாசல் கல் ஐயா, உங்கள் பல்லுக்கு நான்தான் பொறுப்பு என்றேன். அது பொய்யில்லை. அவர் நம்பாமல் பார்த்தார், ஆனால் அதற்கப்புறம் எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தேன். தாளில் எழுதியிருந்ததை மட்டும் வாசித்தேன். பிடி அரிசியைப் பற்றிப் போன மாதம் நான் சொன்னது தவறு. யாரிடம் எப்படிப்பட்ட அரிசி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். கல் இருந்தால் இருக்கட்டும். கல் பார்ப்பது கொடுக்கிறவர்கள் வேலையல்ல, சமைக்கிற எங்கள் வேலை. இனிமேல் சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்ப்போம். இதை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தமாக வாசித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அன்று வாசல் படியில் அந்த அம்மா இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று என்னை நானே கட்டிப்போட்டு வைத்திருந்தேன். பந்தியில் அவர் இல்லை.

சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் அரிசி புடைக்கிற சொளகோடு உட்கார்ந்தோம். பாதிப் பேருக்குச் சொளகைப் பிடிக்கவே வரவில்லை. அரிசி தரையெல்லாம் இறைந்தது. நான் சந்தேகப்பட்ட ஏலக்காய்த் தங்கச்சிதான் எங்களுக்குச் சொல்லித் தந்தாள். ஏலக்காய் பிரிக்கிற விரல்; கண் பார்ப்பதற்குள் அவள் விரல் எடுத்துவிடும். அவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், உன்னைத்தான் நினைத்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தெரியும்க்கா, நீங்க பாத்த பார்வையிலயே தெரியும் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சொளகை எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை கல்லே இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. கல் இல்லையே என்று கவலைப்பட்டு அரிசியைத் துழாவுகிற ஒரே அரிசிக் கடைக்காரி நானாகத்தான் இருப்பேன். மெஷினில் தேய்த்து வந்த மாதிரி பளபளவென்று இருந்த அரிசியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. காலை நேரத்தில் கடை வாசலுக்குப் போய்ப் பார்க்கலாம்தான். போகவில்லை. இன்னொரு தடவை போய் வருவீகளா என்று கேட்டால் அவர் எனக்காக வருவார். எனக்காக வந்து அவருக்கு என்ன?

மூன்றாவது சனிக்கிழமை, பாதி மூட்டை பார்த்து முடித்தபோது என் விரலில் கூராக ஒன்று குத்தியது. எடுத்துப் பார்த்தேன். கறுப்புக் கல், ஒரு முனையில் தார். பக்கத்திலேயே பச்சை நூல். அதற்கப்புறம் நாலைந்து கல் வரிசையாக வந்தது. தங்கச்சி, என்னக்கா கல்லப் பாத்துச் சிரிக்கிறீக என்று கேட்டாள். நான் நூலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் ஆராதனையில் என் காது பிரசங்கத்தில் இல்லை. மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். பந்தியின் நடுவில், இரண்டு பேரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அந்த அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். நானும் அப்படியே இருந்தேன். முதல் கரண்டியை வைத்துவிட்டு வேண்டுமென்றே வாளியோடு தள்ளிப் போனேன். பத்தடி போனதும் முதுகுப் பக்கம் அந்தக் குரல் வந்தது.

"ஏத்தா, இங்கன வா."

போனேன். அவர் வாயிலிருந்து எதையோ விரலால் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் டங்கென்று வைத்தார். எங்கள் ஏழெட்டுப் பேர் விரலுக்கும் தப்பிய கறுப்புக் கல்.

"கல்லு கெடக்கு. சோறாக்குறவக ஒழுங்காப் பாக்க மாட்டீகளா?"

எதிர்வரிசையில் செயலர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இனிமே நல்லாப் பாக்குறோம்க்கா" என்றேன்.

"பாருங்க" என்றார் கண்டிப்பாக. பிறகு தட்டை முன்னால் தள்ளினார். "இன்னொரு கரண்டி வையி. அடியில விட்டுக் கிளறி எடு."

அடியில் விட்டுக் கிளறி எடுத்து வைத்தேன். ஒரு கரண்டி ஒன்றரைக் கரண்டியாகிவிட்டது. அவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார்.